பழவேற்காட்டுக் கோட்டை

சென்னைக்கு வடபால் கடலை ஒட்டி அமைந்த ஊர்களுள் எண்ணூர் ஒன்று. கொற்றலையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரம் அங்கே உள்ளது. ஒருபுறம் அலைகடல், ஒருபுறம் உப்பங்கழி, இடையே மணல்மேடும் மீனவர் குப்பங்களும். இன்று அப்பகுதியில் காமராசர் துறைமுகம் இயங்குகின்றது. 2001ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அத்துறைமுகத்தில் நிலக்கரி வந்து இறங்குகின்றது. மோட்டார் வண்டிகள் அயல்நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானை அளாவி நிற்கின்றன. இவற்றை நாள்தோறும் காணும் எண்ணூர் மாணாக்கர், துறைமுக வாழ்வு தம் காலத்தில்தான் அக்கரைக்கு வந்தது என்று எண்ணுதல் இயல்பே. ஆயின், எண்ணூருக்கு வடக்கே, அதே கரையில், 400 ஆண்டுகளுக்கு முன்னரே உலக வாணிகம் நடைபெற்ற துறை ஒன்று இருந்தது. அதனைக் காப்பதற்கு ஒரு கோட்டையும் இருந்தது. அத்துறை பழவேற்காடு, அக்கோட்டை கெல்திரியா.

எண்ணூரிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்வோர் மின்தொடர் வண்டியில் ஏறி, அத்திப்பட்டு, மீஞ்சூர் முதலிய ஊர்களைக் கடந்து பொன்னேரியை அடைவர். அங்கிருந்து பேருந்து கிழக்கு நோக்கிச் செல்லும். முற்காலத்தார் நீர்வழியே சென்றனர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806ஆம் ஆண்டில் ஒரு கால்வாய் வெட்டப்பெற்றது. பின்னர் அது பழவேற்காட்டு ஏரிக்கும் அதற்கு அப்பாலும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தின்போது, பசியால் வாடிய மக்களுக்குக் கூலி கொடுத்து அக்கால்வாய்ப் பணி நடத்தப்பட்டது. அந்நாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. உப்பும் விறகும் நெல்லும் சுமந்த படகுகள் அதில் ஊர்ந்து சென்ற காலம் உண்டு. இன்று படகுகள் மறைந்தன. சாலையும் தண்டவாளமும் அவற்றின் தொழிலை ஏற்றுக்கொண்டன.

பழவேற்காடு என்பது தூய தமிழ்ப் பெயர். வேல் என்பது வேலமரத்தைக் குறிக்கும். வேல மரங்கள் அடர்ந்த காடு வேற்காடு ஆயிற்று. ஆலங்காடு என்றும் வேற்காடு என்றும் மரத்தின் பெயரால் ஊர்களை வழங்குதல் தமிழ் மரபு. பழமை என்னும் அடைமொழி சேர்ந்து பழவேற்காடு என்று அப்பெயர் நிலைத்தது. ஒல்லாந்தர் நாவில் அது பாலியகட்டா எனத் திரிந்தது. ஆங்கிலேயர் அதனைப் புலிகாட் என்றனர். அப்பெயரை மட்டும் கேட்டவர் புலி வாழ்ந்த காடோ என்று மயங்குவர். புலிக்கும் அவ்வூருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஊரின் அழகு அதன் ஏரியில் உள்ளது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகா ஏரிக்கு அடுத்த பெருமை பழவேற்காட்டு ஏரிக்கே உரியது. அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும் சிறுபகுதி தமிழ்நாட்டிலும் பரந்து கிடக்கின்றது. ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே வரம்பாக அமைந்துள்ளது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து ஆழமற்ற நீரில் இரை தேடும். ஏரியில் இறாலும் மீனும் நண்டும் பிடித்து வாழும் குடிகள் பல. பனையோலையால் அழகிய கூடைகளும் பெட்டிகளும் முடையும் மகளிரையும் அவ்வூரில் காணலாம்.

கோட்டை என்னும் சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் ஒரு காட்சி எழும். செஞ்சியைக் கண்டவர் மலைமேல் ஏறும் மதிலை நினைப்பர். வேலூரைக் கண்டவர் நீர் நிறைந்த அகழியை நினைப்பர். அத்தகைய காட்சியை எதிர்பார்த்துக் கெல்திரியாவுக்குச் செல்வோர் வியப்பு அடைவர். மதில் இல்லை; வாயில் இல்லை; கொத்தளம் இல்லை. மரமும் முட்புதரும் மண்டிய மேடு ஒன்று உண்டு. அதனைச் சூழ்ந்து பழைய அகழியின் சுவடு உண்டு. வேறு யாதும் இல்லை. 'இதுவோ கோட்டை?' என்று வினவத் தோன்றும். வினவுவோர்க்கு விடை கூறுவது அம்மேட்டின் வரலாறு.

ஐரோப்பியருள் முதற்கண் சோழமண்டலக் கரையில் வாணிகம் தொடங்கியவர் போர்ச்சுக்கீசியர். 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் பழவேற்காட்டிலும், மயிலாப்பூரை அடுத்த சாந்தோமிலும் குடியேறினர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் வந்தனர். 1602ஆம் ஆண்டில் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி, கீழ்த்திசை வாணிகம் முழுவதையும் தன் கையில் கொள்ள விரும்பிற்று. அந்நாளில் இப்பகுதி விசயநகர மன்னராகிய வேங்கடபதி ராயரின் ஆட்சியில் இருந்தது. 1610ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் வாணிகம் செய்ய ஒல்லாந்தர் அவரிடம் இசைவு பெற்றுப் பண்டகசாலை அமைத்தனர். இதனைப் போர்ச்சுக்கீசியர் பொறுத்திலர். 1612ஆம் ஆண்டில் சாந்தோமிலிருந்து வந்து அப்பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அதன்பின் அங்கு ஒரு கோட்டை தேவை என்பது தெளிவாயிற்று. அரசியின் ஆணையால் தொடங்கிய கட்டடப் பணி தாழ்த்தது. ஒல்லாந்தர் தாமே அதனை ஏற்று 1613ஆம் ஆண்டில் முடித்தனர். பணியை முன்னின்று நடத்திய வெம்மர் வான் பெர்க்கெம் என்பார், தம் தாய்நாட்டுப் பகுதியாகிய கெல்தர்லாந்தின் பெயரை நினைந்து கோட்டைக்குக் கெல்திரியா என்று பெயரிட்டார்.

நாற்கோணமாக எழுந்த அக்கோட்டை, ஒல்லாந்தரின் சோழமண்டலக் கரை வாணிகம் முழுவதற்கும் தலைமை இடமாயிற்று. பண்டகசாலையும் நாணயச் சாலையும் அங்கு அமைந்தன. வெடிமருந்தும் பழவேற்காட்டில் செய்யப்பட்டுக் கப்பலேறியது. ஆயினும் ஒல்லாந்தரை இக்கரைக்கு இழுத்தது வெடிமருந்தும் அன்று, பொன்னும் அன்று, துணியே. இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

கிராம்பும் சாதிக்காயும் விளைந்தவை மலுக்குத் தீவுகளும் அவற்றை அடுத்த தீவுகளும் ஆகும். ஐரோப்பாவில் அப்பொருள்களுக்கு அளவிறந்த விலை உண்டு. ஆனால், அத்தீவு மக்கள் ஐரோப்பிய வெள்ளியை அவ்வளவாக விரும்பவில்லை. அவர்கள் விரும்பியது தமிழகத்திலும் ஆந்திரத்திலும் நெய்து சாயமிட்ட பருத்தித் துணி. ஆகவே, ஒல்லாந்தர் பொன்னும் வெள்ளியும், ஜப்பான் நாட்டுச் செம்பும் கொணர்ந்து இக்கரையில் துணி வாங்கினர்; துணியைத் தீவுகளில் கொடுத்து நறும்பொருள் வாங்கினர்; நறும்பொருளை ஐரோப்பாவில் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டினர். சோழமண்டலக் கரை மலுக்குத் தீவுகளின் இடக்கை போன்றது என்று அக்கம்பெனியின் அலுவலர் ஒருவர் 1612ஆம் ஆண்டில் கூறினார். கையை இழந்தால் வாணிகம் இல்லை என்பது அவர் கருத்து.

அக்கையின் விரல்களாக இருந்தவர் நம் நாட்டு நெசவாளரும் சாயத் தொழிலாளரும் ஆவர். மல்லய செட்டி, சின்னண்ண செட்டி முதலிய பெருவணிகர் கம்பெனிக்கும் ஊர்ப்புற நெசவாளர்க்கும் இடையே நின்று, முன்பணம் கொடுத்துத் துணி திரட்டினர். வெண்துணி வண்ணத் துணியாக மாறுவதற்கு எத்தனை பொறுமை வேண்டும்! முதலில் துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். மூங்கில் எழுதுகோலின் நடுவே நூலையோ கம்பளியையோ சுற்றி, அதில் நீரை ஊறவைத்துத் துணிமேல் கோடு வரைவர். வெல்லத்தோடு இரும்புத் துண்டுகளை ஊறவைத்த நீர் கருங்கோடு தரும். சிவப்பாக வேண்டிய இடங்களில் படிகார நீரைத் தீட்டுவர். பின்னர்ச் சாயவேர் இட்ட நீரில் துணியைக் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடம் மட்டும் செந்நிறம் கொள்ளும். மற்ற இடத்துக் கறை ஓடும் நீரில் அலசி வெயிலில் காயவைக்க நீங்கும். நீலம் வேண்டுமாயின், நீலம் படக்கூடாத பகுதிகளை மெழுகால் மூடி, அவுரிச் சாயத் தொட்டியில் தோய்த்து எடுப்பர். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை தோன்றும். இவ்வாறு பன்முறை தோய்த்தும் துவைத்தும் உலர்த்தியும் பெற்ற நிறம் எளிதில் மங்குவதில்லை. செந்நிறம் தந்த சாயவேர்ச் செடி இக்கடற்கரை மணலிலேயே வளர்ந்தது. பிறர் கண்ணுக்கு வெறும் மணலாகத் தோன்றிய நிலத்தில் சாயக்காரர் செல்வத்தைக் கண்டனர்.

கோட்டையின் பெருமை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1690ஆம் ஆண்டில் தலைமை இடத்தையும் அங்கு மாற்றினர். அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயர் கை ஓங்கிற்று. 1781ஆம் ஆண்டில் பழவேற்காடு அவர்கள் வசமாயிற்று. பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்டது. 1795ஆம் ஆண்டில் மறுபடியும் ஆங்கிலேயரிடம் சென்றது. 1806ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தள்ளினர். சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே கால்வாய் பிறந்த காலத்தை ஒட்டியே கெல்திரியா மறைந்தது. 1825ஆம் ஆண்டில் ஊர் முற்றாக ஆங்கிலேயருக்கு உரியதாயிற்று. ஒருவர் கட்டிய மதிலை மற்றொருவர் இடித்தனர். இடித்தவர் ஆட்சியும் 1947ஆம் ஆண்டில் முடிந்தது.

கோட்டையில் காணாத கல்வேலைப்பாட்டை ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் காணலாம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அத்தோட்டத்தின் வாயிலில், கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூட்டு உருவங்கள் இருபுறமும் நிற்கின்றன. வாழ்வின் நிலையாமையை வருவோர்க்கு உணர்த்துவதற்காக அவற்றை அமைத்தனர். உள்ளே 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்பலகைகள் கிடக்கின்றன. அவற்றில் குடிச்சின்னங்களும் பூங்கொடிகளும் எழுத்துகளும் ஆழ வெட்டப்பட்டுள்ளன. தாயகத்தைவிட்டு நெடுந்தொலைவு வந்து, கடலோரத்தில் உயிர் துறந்தோரின் பெயரும் இறந்த நாளும் அக்கற்களில் இன்றும் தெளிவாக உள்ளன. பகைவராயினும் பிறராயினும் இறந்தோரைக் காக்கும் அப்பணி போற்றத் தக்கதே.

ஆனால், அத்துறையிலிருந்து சென்ற வேறு சிலருக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் இக்கரையைப் பஞ்சமும் போரும் பலகால் வாட்டின. உண்ண உணவின்றித் தம்மையே விற்றவரும், மக்களை விற்ற பெற்றோரும், பிறரால் கவர்ந்து விற்கப்பட்டோரும் பலர். ஒல்லாந்தக் கம்பெனி அவர்களை விலைக்கு வாங்கிற்று. பழவேற்காட்டிலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுச் சாவகத் தீவின் பத்தாவியா நகர்க்கும் பிற இடங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. துணிப்பொதிகளின் எண்ணிக்கையைக் கணக்கில் எழுதியவாறே மக்களின் எண்ணிக்கையையும் எழுதினர். அம்மக்களுள் எத்தனை பேர் வழியிலேயே மாண்டனர்! எத்தனை பேர் தாய்மொழியைப் பேசத் துணையின்றி மடிந்தனர்! கல்லறைத் தோட்டத்தில் எழுத்தைப் படிக்கும் கண், எழுதப்படாத இப்பெயர்களையும் நினைக்க வேண்டும். அந்நினைவு இல்லையேல் பழவேற்காட்டு வரலாற்றின் ஒரு பாதியையே கற்றவர் ஆவோம்.

கடலோரக் கோட்டைகள் அழிவது உலகில் பிற இடங்களிலும் நிகழ்ந்ததே. அதே ஒல்லாந்தக் கம்பெனி 1609ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் ஹிராடோ என்னும் தீவில் வாணிகம் தொடங்கிற்று. பழவேற்காட்டில் கெல்திரியா எழுந்து முடிந்த 1613ஆம் ஆண்டில், ஹிராடோவின் தலைவர் தம் கோட்டையைத் தாமே தீக்கிரையாக்கினார்; நாட்டை ஆண்ட தோக்குகாவா மரபினரிடம் தம் பணிவைக் காட்டவே அவ்வாறு செய்தார் என்பர். 1639ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அங்குக் கட்டிய கற்பண்டகசாலையில் கிறித்தவ ஆண்டுக் கணக்கைப் பொறித்திருந்தனர். கிறித்தவத்தைத் தடை செய்திருந்த அரசு, அதனைக் காரணமாகக் காட்டி அடுத்த ஆண்டிலேயே அக்கட்டடத்தை இடிக்கச் செய்தது. 1641ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் நாகசாகிக்கு மாற வேண்டியதாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஹிராடோவில் மீண்டும் எழுந்த கோட்டையும் 1871ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது.

எனினும் அவ்வூரார் தம் வரலாற்றை மறக்கவில்லை. 1962ஆம் ஆண்டில் கோட்டையின் நடுமாடத்தைத் திரும்பக் கட்டினர். 2011ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் பண்டகசாலையையும் பழைய வடிவிலேயே எழுப்பினர். இன்று கடலைப் பார்த்து நிற்கும் அக்கோட்டையைக் காணப் பலர் செல்கின்றனர். எல்லா இடத்திலும் இடிந்ததைக் கட்டியே தீர வேண்டும் என்பதில்லை. எஞ்சிய அகழியைக் குப்பையால் தூர்க்காமையும், எஞ்சிய கல்லைப் பெயர்க்காமையும், இன்னது இங்கு இருந்தது என்று இளையோர்க்குச் சொல்லுதலும் எளிய காரியங்களே. அவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, நினைவு வேண்டும்.

மதில் மறைந்த பின்னும் பழவேற்காட்டின் பெயர் உலகில் மறையவில்லை என்பது வியப்புக்குரிய செய்தி. மலாய் நாட்டிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் கட்டமிட்ட கைலியைக் 'காயின் பெலிகாட்' என்பர். காயின் என்பது மலாய் மொழியில் துணி. பெலிகாட் என்பது பழவேற்காடு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காத்லாந்து நாட்டு நெசவாளர், இவ்வூர்க் கட்டமிட்ட கைக்குட்டைகளைப் பார்த்துத் தாமும் நெய்து, அவற்றுக்கு இவ்வூர்ப் பெயரையே இட்டனர். ஒல்லாந்தர் கப்பலில் சென்ற சோழமண்டலக் கோட்டுத் துணியை ஜப்பானியர் விரும்பி அணிந்தனர். சாந்தோமின் பெயரால் அதனைச் 'சாந்தோமே' துணி என்று அழைத்தனர். பின்னர்த் தம் நாட்டிலேயே அதுபோல் நெய்யவும் கற்றனர். இவ்வாறு பெயர்களைக் கடல் கடந்து கொண்டுசென்றவை பீரங்கிகள் அல்ல. பருத்தி நூலும் சாயவேரும் ஆகும்.

பழவேற்காட்டு மேட்டில் நிற்பவர் இவற்றை ஒருங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோட்டையைக் கட்டியவர் அது நெடுங்காலம் நிற்கும் என்று நம்பினர். 200 ஆண்டுகளுக்குள் அது மண்ணாயிற்று. துணி நெய்தவரோ தம் துணி கிழிந்து போகும் பொருள் என்பதை அறிந்தே நெய்தனர். அவர்கள் தொழிலின் புகழ் 400 ஆண்டுகளாகியும் கிழியவில்லை. வலிமையால் காத்த செல்வம் வலிமை மிக்கார் கைக்கு மாறியது. உழைப்பால் விளைந்த பெயர் எவராலும் பறிக்க இயலாததாயிற்று.

எண்ணூர்க் கடலில் இன்று பெருங்கப்பல்கள் நிற்கின்றன. அவற்றின் சரக்கையும் வருவாயையும் கணக்கிடுவோர் பலர் உளர். அத்துறையைச் சூழ்ந்து வாழும் மீனவரும் உப்பளத் தொழிலாளரும் சுமை ஏற்றி இறக்குவோரும் நலமுற வாழ்கின்றனரா என்பதையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். கழியும் ஆறும் மீனும் அழியாமல் காக்கப்படுகின்றனவா என்பதையும் பார்த்தல் வேண்டும். பண்டங்களை மட்டும் எண்ணி, மக்களை எண்ண மறந்த வாணிகம் எங்குச் சென்று முடிந்தது என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. எண்ணூருக்கு வடக்கே, முட்புதர் மூடிய அம்மேட்டில் உள்ளது.

பயிற்சி

1. பழவேற்காடு என்னும் பெயரின் பொருள் யாது? மரத்தின் பெயரால் அமைந்த வேறு மூன்று ஊர்களின் பெயர்களை எழுதுக.

2. ஒல்லாந்தர் சோழமண்டலக் கரைத் துணியை நாடியதன் காரணத்தை விளக்குக.

3. துணிக்குச் செந்நிறமும் நீலநிறமும் ஏற்றிய முறையை வரிசைப்படுத்தி எழுதுக.

4. கல்லறைத் தோட்டத்தைக் காண்போர் எவரை எல்லாம் நினைத்தல் வேண்டும்? ஏன்?

5. உங்கள் ஊரில் அல்லது அண்மையில் உள்ள பழைய சின்னம் ஒன்றைச் சென்று கண்டு, அதன் இன்றைய நிலையைப் பத்து வாக்கியங்களில் எழுதுக.